ஆன்றோவுக்கு நாற்பது நாள் லீவு

சொகுசுக் கப்பலின் அடித்தட்டில்
உருளைக்கிழங்கு உரிப்பவன் ஆன்றோ.
ஒன்பது மாதம் கடல், நாற்பது நாள் இனயம்.
இந்த முறை வந்ததும் சொன்னான்:
"ரெண்டு நாளு எங்கூட வாருங்க.
மால்டாவில நடக்கியது மாதிரி
நம்ம ஊரை நடந்து நடந்து திங்கணும்."

பெல்சி பாங்கில் காய்ச்சல் என்றாள்.
நிஸாம் செருப்புக் கடையைத் தம்பியிடம் தள்ளினான்.
என் ட்யூஷன் பிள்ளைகள் மட்டும்
கைதட்டி வழியனுப்பினார்கள்.

தேங்காப்பட்டணத்தில் நிஸாமின் மாமி வீடு.
பத்திரி, அதன்மேல் தேங்காய்ப்பால்,
அதன்மேல் இன்னும் ஒரு பத்திரி.
போதும் என்ற சொல்லுக்கு
அந்த வீட்டில் காது கிடையாது.
ஏப்பத்தோடு தெருமுனையில் நின்று
ஆன்றோ சொன்னான்:
"பலேர்மோவும் இப்பிடித்தான் ஆக்கும்.
குறுகின தெரு. கல்லு. வெளிச்சம்."
நாங்கள் பலேர்மோவைப் பார்ப்பதுபோல்
சுவரில் காய்ந்த லுங்கியைப் பார்த்தோம்.

குளச்சலில் ஏலம் முடிகிற நேரம்.
கடைசிக் கூடைச் சாளைக்கு
பெல்சி பேரம் பேசிய விதத்தில்
அவள் பாங்கில் யாருக்கும்
கடன் கிடைத்திருக்காது.
சாப்பாட்டுக் கடை அக்கா அதை வாங்கி,
நல்லமிளகு அரைத்துப் பூசிப் பொரித்து,
மரச்சீனிக் கிழங்கு மசித்த தட்டின்
ஓரத்தில் வைத்தாள்.
என் தொண்டையில் ஒரு முள்.
மூன்று பேரும் மூன்று வைத்தியம் சொல்ல
சோற்றுருண்டை ஜெயித்தது.

"வலேட்டா மீனெல்லாம்
இதுக்கு ஏணி வச்சாலும் எட்டாது."
"எந்தக் கடையில லேய் தின்ன?"
ஆன்றோ பப்படத்தை நொறுக்கினான்.
கடலோரம் ஒரு கடை, பேர் மறந்துபோச்சு.

நாகர்கோவிலில் ரசவடை.
பொட்டலம் கசிந்து நிஸாமின் சட்டையில்
ஒரு தீவு வரைந்தது.
நாலு மணி நேரம் தூங்கினோம்,
பெல்சியின் குறட்டையைக் கழித்தால் மூன்று.

மருந்துவாழ் மலையை
அனுமன் சிந்திய துண்டு என்பார்கள்.
விடியுமுன் ஏறினோம்.
பாதி வழியில் அவன் வம்சத்து ஒருத்தி
எங்கள் மட்டிப்பழக் குலையைக்
கணக்குத் தீர்ப்பதுபோல் வாங்கிக்கொண்டாள்.
மூட்டு முனகியது. தண்ணீர் தீர்ந்தது.
நேற்றைய பத்திரி ஒவ்வொரு படியிலும்
தன்னை நினைவூட்டிக்கொண்டே வந்தது.

உச்சியில் காற்று பேச விடவில்லை.
கீழே உப்பளம், தென்னை,
சோம்பலாய்ச் சுற்றும் காற்றாலைகள்,
பிறகு கடல்,
பிறகும் கடல்.
தூரத்தில் ஏதோ கப்பல்,
அரிசியில் கிடக்கும் கல் அளவுக்கு.

ஆன்றோ அதைப் பார்த்தபடியே சொன்னான்:
"பதினொரு துறைமுகம்.
ஒண்ணுலயும் எறங்கல்ல கேட்டியா.
கப்பலு கெட்டினா
மேல உள்ளவனுவ ஊரு பாக்கப் போவினும்.
வரும்போ பசிச்சுல்லா வருவானுவ."

"போட்டோ அனுப்பினியே?"
"குப்பை எறக்குத கதவு வழியா."

யாருக்கும் ஒன்றும் சொல்ல வரவில்லை.
நிஸாம் காலியான பாட்டிலை
மறுபடியும் சாய்த்துப் பார்த்தான்.
பெல்சிதான் கேட்டாள்:
"அப்போ பலேர்மோ?"

"ஒரு நாப்பதடி தெரிஞ்சுது.
ஒருத்தன் தெருவில
ஆரஞ்சு பிழிஞ்சு வித்தான்."

"எப்பிடி இருந்துது?"

கொஞ்சம் யோசித்தான்.
"செவப்பா இருந்துது."

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம்.
பெல்சி உட்கார்ந்தே பாதி தூரம் வந்தாள்,
புதுச் சுடிதார், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அடிவாரத்தில் ஒருவர்
சைக்கிளில் கட்டிய குடத்திலிருந்து
அக்கானி ஊற்றித் தந்தார்.
முதல் மடக்கில் ஆன்றோ கண்ணை மூடினான்.
பிறகு போனை எடுத்து
மிக முக்கியமான விஷயம்போல் கேட்டான்:
"அண்ணே, கடைக்குப் பேரு என்னது?"

"கடையா? இது சைக்கிளுல்லா."

சைக்கிள் என்று அடித்துச் சேமித்தான்.
எழுத்தைச் சரிபார்த்தான்.
இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.
தம்ளரை மறுபடியும் நீட்டினான்.